செய்மதிப் படத்தில் ஒரு பரப்புக் காணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில், அதன் தென்மேற்கே அடுத்தடுத்து அமைந்த கரவெட்டி, நெல்லியடி, துன்னாலை, கரணவாய் ஆகிய ஊர்களில் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் நம்பியிருப்பது, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்கும் மழைநீரையே. அந்த மழையும் ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில் கிடைக்கும் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிட, தை பிறந்தபின் வரும் நீண்ட வறட்சிக் காலம் முழுவதையும் நிலத்துக்கடியில் சேர்ந்ததைக் கொண்டே கடத்த வேண்டியிருக்கிறது. ஒரு பரப்புக் காணியில், அதாவது ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கில், ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஏறத்தாழ 253 லீற்றர் தண்ணீர். ஓர் ஆண்டு மழை முழுவதையும் கணக்கிட்டால் பரப்பு ஒன்றுக்கு மூன்று இலட்சம் லீற்றருக்கு மேல் வரும். இவ்வளவு நீரும் எங்கே போகிறது, எவ்வளவு நிலத்துக்குள் இறங்குகிறது, எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவு வடமராட்சிக் கடல்நீரேரி வழியாகக் கடலைச் சேர்கிறது என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையில்தான் இப்பகுதியின் சுற்றுச்சூழல் முகாமைத்துவம் முழுவதும் தங்கியிருக்கிறது.

நிலத்துக்கடியில் உள்ள நன்னீர், கடலிலிருந்து பாறைக்குள் ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல், தண்ணீரின்மேல் எண்ணெய் மிதப்பதைப்போல மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது என்பதால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பேர்க் என்ற இரு ஐரோப்பியர் தனித்தனியே கண்ட விதி. இந்த விதியின் மறுபக்கம் தோட்டக்காரரைப் பொறுத்தவரை கடுமையானது. இறைப்பு மிகுந்து நீர்மட்டம் நிலையாகப் பத்துச் சென்ரிமீற்றர் இறங்கிவிட்டால், அடியில் உள்ள உவர்நீர் கோட்பாட்டளவில் நான்கு மீற்றர் மேலேறி வரும். வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புப் பாறையில் இந்த விகிதம் இடத்துக்கிடம் மாறுபடுமாயினும், சிறிய இறக்கம் பெரிய ஏற்றத்தை உண்டாக்கும் என்ற அடிப்படை மாறுவதில்லை. கோடையின் கடைசியில் நல்ல கிணறு சவர்க் கிணறாக மாறுவதற்கு இதுவே காரணம்.

புவியைச் சுற்றிவரும் செய்மதிகளில் பொருத்திய கருவிகள் நிலத்தையும் நீரையும் தாவரத்தையும் ஒழுங்கான இடைவெளியில் அளந்து அனுப்பும் தரவுகளைக் கொண்டு இவ்வாறான கேள்விகளுக்கு விடை தேடும் முறையே செய்மதிவழிப் புவி நோக்கு எனப்படுகிறது. பொருளைத் தொடாமல் தொலைவிலிருந்தே அதன் தன்மையை அறிவதால் இத்துறைக்குத் தொலையுணர்வு என்ற பெயரும் உண்டு. உலகின் பெருங்காடுகளையும் பனிமலைகளையும் பற்றிப் பேசும்போது எடுத்துக்காட்டப்படும் இந்த நுட்பம், இரண்டு பரப்பில் வெங்காயமும் மூன்று பரப்பில் மரவள்ளியும் வைக்கும் கரவெட்டிக்கு எந்த அளவு பொருந்தும் என்பது தனியே ஆராய வேண்டிய விடயம். பொருந்தும், ஆனால் கிணற்றடியில் எடுத்த அளவு ஒன்று அதன் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

புவி வளங்களைக் கண்காணிப்பதற்கென்றே அமெரிக்கா அனுப்பிய முதலாவது லான்ட்சாட் செய்மதி 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. அதன் வழிவந்த செய்மதிகள் இன்றுவரை இடைவிடாது படம் எடுத்து வருகின்றன. 1980களிலிருந்து அவற்றின் படங்கள் 30 மீற்றர் நுணுக்கம் கொண்டவையாக உள்ளன. ஆனாலும் நெடுங்காலம் இந்தப் படங்கள் வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கு எட்டாக்கனியாகவே இருந்தன. ஒரு படத்துக்கு 600 அமெரிக்க டொலர் கொடுக்க வேண்டியிருந்த நிலை 2008 இல் முடிவுக்கு வந்து, 1972 முதலான சேமிப்பு முழுவதும் எவரும் இலவசமாகப் பெறக்கூடியதாகத் திறந்துவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் திட்டம் அதே வழியைப் பின்பற்றி, 2015 முதல் ஏவிவரும் சென்டினல்-2 செய்மதிகளின் 10 மீற்றர் நுணுக்கப் படங்களை ஐந்து நாட்களுக்கு ஒருமுறை உலகம் முழுவதற்கும் விலையின்றி வழங்குகிறது. இந்தியா தனது முதலாவது முழுப் பயன்பாட்டுத் தொலையுணர்வுச் செய்மதியை 1988 இல் ஏவியது. இலங்கைப் பொறியியலாளர்கள் யப்பானில் உருவாக்கிய ராவணா-1 என்ற ஒரு கிலோகிராம் அளவிலான சிறு செய்மதி 2019 இல் சுற்றுப்பாதையில் விடப்பட்டது. அது பயிற்சிக்கும் பரிசோதனைக்கும் உதவியதேயன்றி வயல்களைக் கண்காணிக்கும் திறன் கொண்டதன்று. ஆயினும் சொந்தச் செய்மதி இல்லாமை இன்று ஒரு குறையே அல்ல. தரவு இருக்கிறது, அதைப் படிக்கும் ஆட்கள்தாம் போதாது.

செய்மதிக் கருவி எடுப்பது வெறும் புகைப்படம் அன்று. சூரிய ஒளி நிலத்தில் பட்டுத் திரும்பும்போது, ஒவ்வொரு பொருளும் ஒளியின் சில பகுதிகளை உறிஞ்சிச் சில பகுதிகளைத் திருப்பி அனுப்புகிறது. பச்சை இலை, ஒளித்தொகுப்புக்காகச் சிவப்பு ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு, கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிர்களின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எண் தாவரச் சுட்டெண் எனப்படுகிறது. செழித்து நிற்கும் நெல்வயல் ஒன்று சிவப்பில் நூற்றுக்கு 5 பங்கையும் செங்கீழில் 45 பங்கையும் திருப்பி அனுப்புவதாகக் கொண்டால், 40 ஐ 50 ஆல் வகுக்க 0.8 என்ற உயர்ந்த சுட்டெண் வரும். உழுத வெறுநிலம் முறையே 20 பங்கையும் 28 பங்கையும் அனுப்பினால் சுட்டெண் 0.17 அளவில் நின்றுவிடும். ஒரே வயலின் சுட்டெண்ணைக் காலபோகம் முழுவதும் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை குறித்துவந்தால் விதைப்பு, பயிர் எழும்பல், கதிர் தள்ளல், அறுவடை எல்லாம் ஒரு வளைகோட்டில் தெரியும். மழை பொய்த்தாலோ வெள்ளம் நின்றாலோ அந்த வளைகோடு இடையில் முறியும்.

இங்கேதான் பரப்புக் கணக்கு குறுக்கிடுகிறது. செய்மதிப் படம் சிறுசிறு சதுரக் கட்டங்களால் ஆனது. பிக்சல் எனப்படும் அந்தக் கட்டம் ஒன்றுக்குள் எத்தனை பொருள்கள் இருந்தாலும் கருவி அவற்றைக் கலந்து ஒரே எண்ணாகவே பதிவுசெய்யும். யாழ்ப்பாணத்தில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதால், ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். உலக வறட்சி வரைபடங்களுக்குப் பயன்படும் 250 மீற்றர் பிக்சல் ஒன்று ஏறத்தாழ 247 பரப்பை விழுங்கிவிடும். அதற்குள் கரவெட்டியின் ஒரு குறிச்சி முழுவதும், வீடும் வளவும் பனங்கூடலும் கோயில் வீதியும் தோட்டமுமாக, அடங்கிப்போகும். லான்ட்சாட்டின் 30 மீற்றர் பிக்சல் மூன்றரைப் பரப்பு. அதிலும் வெங்காயத் தறையோடு வேலிப் பூவரசும் ஒழுங்கையும் பக்கத்துக் காணியின் வாழையும் கலந்தே வரும். விலையின்றிக் கிடைக்கும் படங்களுள், சென்டினல்-2 இன் 10 மீற்றர் பிக்சலில்தான் முதன்முறையாக ஒரு பரப்புக்கு இரண்டரைக் கட்டங்கள் கிடைக்கின்றன. பஞ்சாப்பின் கோதுமை வயலையும் அமெரிக்காவின் சோளப் பண்ணையையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பாடநூல்கள் இந்தச் சிக்கலை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. குடாநாட்டின் துண்டு துண்டான காணிகளுக்கு இதுவே முதற்சிக்கல்.

பயிரின் இயல்பும் படத்தைக் குழப்பும். வடமராட்சியில் பரவலாகப் பயிரிடப்படும் சின்ன வெங்காயத்தின் தாள் குழல்போல் நிமிர்ந்து நிற்பது. முற்றிய தறையில்கூட மேலிருந்து பார்க்கும்போது இலைகளுக்கிடையே மண் தெரியும். ஆகவே நல்ல விளைச்சல் தரும் வெங்காயத் தறையின் தாவரச் சுட்டெண், கவனிப்பாரற்றுப் புல் மண்டிக் கிடக்கும் காணியின் சுட்டெண்ணைவிடக் குறைந்திருப்பதும் நடக்கக்கூடியதே. அகன்ற இலை கொண்ட புகையிலையிலோ வாழையிலோ இந்தச் சிக்கல் இல்லை. ஆதலால், எந்தக் காணியில் எந்தப் பயிர், எப்போது நட்டது என்ற செய்தி நிலத்திலிருந்து கிடைக்காதவரை, கொழும்பிலோ வேறெங்கோ கணினியின் முன்னிருந்து வரையும் பயிர் வரைபடத்தில் வடமராட்சி பிழையாகவே வண்ணம் தீட்டப்படும். நிலத்தில் நேரில் பார்த்த உண்மையோடு படத்தை ஒப்பிட்டுத் திருத்தும் இந்த வேலைக்குக் களச் சரிபார்ப்பு என்று பெயர்.

சென்டினல்-2, லான்ட்சாட் ஆகிய இரண்டும் சூரிய நேரத்தோடு இசைந்த பாதையில் செல்பவை. எந்த நாளில் கடந்தாலும் முற்பகல் பத்துப் பத்தரை மணியளவிலேயே வடமராட்சியைக் கடக்கும். மாசியிலும் பங்குனியிலும் அந்த நேரத்தில் வானம் தெளிந்திருக்க, வேண்டிய படங்கள் கிடைத்துவிடுகின்றன. மழை பெய்யும் மூன்று மாதங்களிலோ, அதாவது வெள்ளம் எங்கே நிற்கிறது, குளம் எந்த அளவு நிரம்பியது, எந்த வயல் மூழ்கியது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டிய காலத்தில், படத்துக்குப் படம் வெண்முகில்தான் தெரியும். இக்குறையைத் தீர்ப்பவை ராடர் செய்மதிகள். சூரிய ஒளிக்காகக் காத்திராமல் தாமே நுண்ணலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்பும் வலிமையை அளக்கும் இக்கருவிகளுக்கு முகிலும் இரவும் தடையல்ல. 2014 இல் ஏவப்பட்ட சென்டினல்-1 இவ்வகையைச் சேர்ந்தது. அமைதியான நீர்ப்பரப்பு அலையைக் கண்ணாடிபோல் வேறுபக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கருமையாகத் தெரியும். கரடான நிலமும் பயிரும் அலையைச் சிதறடித்து ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால் வெளிறித் தெரியும். கப்பூது வெளியிலும் வல்லை வெளியிலும் மாரிவெள்ளம் பரவியிருக்கும் எல்லையை இம்முறையால் வரைந்தெடுக்கலாம்.

வல்லை வெளியைத் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள பொறியும் உடனே விளங்கும். மரமோ வீடோ மறைக்காத அந்தத் திறந்த வெளியில் மாரிக்காற்று தண்ணீரை அலைக்கழிக்கும்போது நீர்ப்பரப்பு கரடாகி, ராடர் அலையைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடும். வெள்ளம் நிற்கும் இடமே நிலம்போல வெளிறிக் காட்சிதரும். மறுபுறம், பனைகளுக்கிடையே தண்ணீர் நிற்கும் இடங்களில் அலை நீரில் பட்டு, பின் பனையின் அடிமரத்தில் பட்டு, இருமுறை தெறித்து நேரே திரும்புவதால், அங்கு வெள்ளம் இயல்புக்கு மாறான பிரகாசமாகத் தெரியும். கருமை மட்டுமே வெள்ளம் என்று கொள்ளும் தானியங்கி முறை இவ்விரண்டு இடங்களையும் தவறவிடும். இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து 2025 ஜூலை 30 அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார் செய்மதியின் நீண்ட அலைகள் இலைத்தொகுதிக்குள் மேலும் ஊடுருவக்கூடியவை என்பதால், 12 நாட்களுக்கு ஒருமுறை வரும் அதன் படங்கள் பனங்கூடல்களின் அடியில் உள்ள நிலைமையை ஓரளவு காட்டக்கூடும்.

கரவெட்டியின் மேற்கே நீண்டு கிடக்கும் வடமராட்சிக் கடல்நீரேரி, தொண்டைமானாற்றில் வடகடலோடு சேர்கிறது. கடல்நீர் உள்ளே புகாமல் தடுத்து, மாரிநீரால் நீரேரியின் உவர்ப்பைப் படிப்படியாகக் கழுவி, காலப்போக்கில் அதை நன்னீர்த் தேக்கமாக்கலாம் என்ற எண்ணத்தில் அங்கே தடுப்பணை கட்டப்பட்டது. ஆனையிறவு நீரேரியில் சேரும் கனகராயன் ஆற்றின் நீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரும் திட்டத்தை 1950களில் முன்வைத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று பேசப்படும் அத்திட்டம் இன்றுவரை முழுமையடையவில்லை. அதை ஆதரித்தும் எதிர்த்தும் எழுபது ஆண்டுகளாக நடக்கும் வாதத்தில் பெரும்பகுதி, நீரேரியில் எந்த மாதத்தில் எவ்வளவு பரப்பில் நீர் நின்றது என்ற தொடர்ச்சியான பதிவு இல்லாமலேயே நடந்திருக்கிறது. இப்போது அந்தச் சாக்கு செல்லாது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் கூட்டு ஆராய்ச்சி மையம் முப்பது இலட்சம் லான்ட்சாட் படங்களைக் கணினியில் ஆராய்ந்து, 1984 முதல் உலகின் ஒவ்வொரு 30 மீற்றர் கட்டத்திலும் நீர் எத்தனை காலம் நின்றது என்பதைக் காட்டும் வரைபடத்தை 2016 இல் வெளியிட்டு, தொடர்ந்து புதுப்பித்தும் வருகிறது. நீரேரியின் எந்தப் பகுதி ஆண்டு முழுவதும் நீர் நிற்பது, எது மாரியில் மட்டும் நிறைந்து கோடையில் வெளிறிக் கிடப்பது என்பதை வீட்டிலிருந்தே எவரும் பார்க்கலாம்.

ஆனால் அந்த நீர் நன்னீரா உவர்நீரா என்பதை அந்த வரைபடம் சொல்லாது. பெருங்கடலின் உவர்ப்பை அளக்கும் செய்மதிகள் உண்டு. அவற்றின் ஒரு கட்டமே பல பத்துக் கிலோமீற்றர் அகலமானது, ஒடுங்கிய நீரேரிக்கு அது உதவாது. கோடையில் தரவைகளின்மேல் பூக்கும் உப்புப்படை வெண்மையாகத் தெரியும் என்பதால் மண்ணின் உவர்ப்பை ஓரளவு ஊகிக்கலாமே தவிர, நீரின் உவர்ப்பை அறிய மின்கடத்துதிறன் மானியை நீருக்குள் இறக்கியே ஆகவேண்டும். மிகையான பசளையிலிருந்து நிலத்தடி நீரில் சேரும் நைத்திரேற்றின் கதியும் இதுவே. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ள அந்தப் பொருளை எந்தச் செய்மதியாலும் காணமுடியாது.

நிலத்தடி நீர் உட்பட நிலத்திலுள்ள நீரின் எடை மாற்றத்தை அளக்கும் செய்மதிகள் உண்டென்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2002 இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதிகள் ஒன்றையொன்று 220 கிலோமீற்றர் அளவு இடைவெளியில் பின்தொடர்ந்தபடி, தமக்கிடையே உள்ள தூரத்தில் ஏற்படும் மிக நுண்ணிய மாற்றத்தை அளந்தன. கீழே நிலத்தில் திணிவு கூடிய இடம் வரும்போது அங்குள்ள ஈர்ப்பு முன்செல்வதைச் சற்று முன்னே இழுக்கும். நீர் வற்றி அந்த இடத்தின் திணிவு குறைந்தால் இழுப்பும் குறையும். இந்த முறையால், 2002 ஓகஸ்ட் முதல் 2008 ஒக்டோபர் வரை வடமேற்கு இந்தியாவில் 109 கன கிலோமீற்றர் நிலத்தடி நீர் குறைந்துபோனதை 2009 இல் நாசா அறிஞர்கள் கணித்துக் காட்டினர். அதே செய்மதியால் யாழ்ப்பாணத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால், எதுவும் கிடைக்காது என்பதே விடை. கிரேஸ் நம்பகமாகப் பிரித்தறியும் பரப்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீள அகலம் கொண்டது. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் மட்டுமேயான குடாநாடு அதன் பார்வையில் கடலோடும் தமிழ்நாட்டுக் கரையோடும் கரைந்துபோகிறது. 2018 இல் ஏவப்பட்ட அதன் வழித்தோன்றலுக்கும் இதே வரம்பு உண்டு. குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றிச் செய்மதி நேரே எதையும் சொல்லிவிட்டதாக எவராவது எழுதினால், அதை ஐயத்துடனேயே வாசிக்க வேண்டும்.

நேரடியாக முடியாததைச் சுற்றுவழியில் நெருங்கலாம். நீர்க்கணக்கில் வரவான மழையையும், செலவில் பெரும்பங்கான ஆவியாதலையும், நீரேரியில் தேங்கும் நீரின் பரப்பையும் செய்மதி மதிப்பிட்டுத் தந்தால், மிச்சமே நிலத்துக்குள் இறங்கியதும் கடலுக்குச் சென்றதும் ஆகும். இவற்றுள் ஆவியாதலை அளக்கும் முறை நுட்பமானது. நீரைப் போதியளவு உறிஞ்சும் பயிர் தன் இலைகளால் நீராவியை வெளியிட்டுக் குளிர்ந்திருக்கும். நீர் போதாத பயிர் வெயிலில் சூடேறும். லான்ட்சாட்டின் வெப்பக் கருவி இந்த வெப்பநிலை வேறுபாட்டை அளக்க, அதிலிருந்து அன்று எத்தனை மில்லிமீற்றர் நீர் ஆவியானது என்று கணிக்கின்றனர். கோடை நாளில் நன்கு இறைக்கப்பட்ட தோட்டம் ஐந்து மில்லிமீற்றர் அளவு இழக்குமாயின், அது பரப்பு ஒன்றுக்கு நாளொன்றில் 1,265 லீற்றர். எத்தனை லீற்றர் இறைத்தார் என்பதோடு இதை ஒப்பிட்டால் மிகையான இறைப்பு உடனே தெரிந்துவிடும். வெப்பக் கருவியின் கட்டம் 100 மீற்றர், அதாவது நாற்பது பரப்பு, என்பதால் இந்தக் கணிப்பைத் தனியொரு காணிக்குப் பயன்படுத்தாமல் ஒரு குறிச்சிக்கோ ஒரு வயல்வெளிக்கோ பயன்படுத்துவதே முறையாகும்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2000 பெப்ரவரியில் எண்டேவர் விண்ணோடம் பதினொரு நாட்களில் ராடர் மூலம் தயாரித்த உலக உயர வரைபடம் இன்றும் வெள்ள ஆய்வுகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தப்படுகிறது. அதன் பிழை பல மீற்றர் அளவினது; போதாததற்கு, மரங்கள் அடர்ந்த இடத்தில் நிலத்தின் உயரத்துக்கு அது மரங்களின் உயரத்தில் ஒரு பகுதியையும் கூட்டியே காட்டும். பனைகள் நெருங்கிய, கடல்மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்த நிலத்தில் இப்படிப்பட்ட வரைபடத்தை வைத்துக் கடல்மட்ட உயர்வின் விளைவைக் கணித்தால், மூழ்கக்கூடிய பனங்காணி பாதுகாப்பான மேட்டுநிலமாகத் தோன்றும். விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளந்தெடுக்கும் உயரத் தரவு இல்லாமல் வடமராட்சிக்கு வெள்ள இடர் வரைபடம் வரைவது வீண்வேலை என்றே சொல்லலாம்.

கிழக்குக் கரையில் மணற்காட்டின் மணற்குன்றுகள் நன்னீரைத் தேக்கிவைப்பவை. அவற்றிலிருந்து அள்ளப்படும் மணலின் தடயம் படங்களில் தெளிவாகத் தெரியும். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை வடமராட்சியின் அக்கரையைத் தாக்கியபின், முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டுச் சேதத்தை மதிப்பிடும் முறை இலங்கையில் பரவலாக அறிமுகமாயிற்று. 2009 இல் போரின் இறுதி மாதங்களில் வன்னிக் கரையோரத்தின் செய்மதிப் படங்களை ஐக்கிய நாடுகளின் யூனோசாட் பிரிவு ஆராய்ந்தபோது, வடக்கின் மக்களுக்கு அந்தப் படங்கள் வேறொரு பொருளிலும் அறிமுகமாயின. மேலிருந்து பார்ப்பவர் எதைத் தேடிப் பார்க்கிறார் என்ற ஐயம் இம்மண்ணில் இயல்பாகவே எழுவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். படங்களை உள்ளூரார் தாமே படிக்கக் கற்பது அதற்கு ஏற்ற மருந்து.

படிக்கக் கற்றால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு சான்று. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலியவற்றோடு சேர்ந்து, ராடர் படங்களைக் கொண்டு நெல் நடப்பட்ட பரப்பையும் விளைச்சலையும் கணிக்கும் முறையை உருவாக்கியது. 2016 இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து மாநிலமெங்கும் வறட்சி நிலவியபோது, நடவே நடக்காத வயல்களையும் நட்டு அழிந்த வயல்களையும் அடையாளம் கண்டு பயிர்க் காப்புறுதிக் கொடுப்பனவைத் தீர்மானிக்க அந்தக் கணிப்பு பயன்பட்டது. அங்கே அது வெற்றிபெற்றதற்குக் காரணம் செய்மதி மட்டுமன்று. பல்கலைக்கழக மாணவர்கள் மாவட்டந்தோறும் வயல்களில் இறங்கி எடுத்த களச் சரிபார்ப்பே கணிப்புக்கு நம்பகத்தன்மை தந்தது.

இலங்கையில் இதற்கான நிறுவனங்கள் இல்லாமலில்லை. 1800 இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களத்தில் தொலையுணர்வுப் பிரிவு இருக்கிறது. மொறட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் இருக்கிறது. பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு நீர் முகாமைத்துவ நிறுவனம் தெற்காசிய வறட்சியைச் செய்மதிவழிக் கண்காணிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியற்றுறை மாணவர்களுக்குப் புவியியல் தகவல் முறைமையைக் கற்பிக்கிறது. சட்டமும் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தடைசெய்கிறது. ஒரு வயல் எந்த ஆண்டில், எந்த மாதத்தில் மண்போட்டு நிரப்பப்பட்டது என்பதைச் சென்டினல் படங்களின் வரிசை காட்டிக்கொடுத்துவிடும். தூர்ந்துபோன கேணியும் குளமும் முன்பு எந்த அளவு பரப்பில் நீர் தேக்கின என்பதைப் பழைய லான்ட்சாட் படங்களும் அதற்கும் முந்திய வான்படங்களும் காட்டும். 2015 இல் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில், நீர்சார் சூழற்றொகுதிகளின் மாற்றத்தையும் நிலச் சீர்கேட்டையும் அளக்கும் சுட்டிகள் செய்மதித் தரவையே பெரிதும் நம்பியுள்ளன. ஆனால் நாடு முழுவதற்குமாகக் கணித்து நியூயோர்க்குக்கு அனுப்பும் ஓர் எண்ணால் துன்னாலைக் கிணற்றுக்கோ கப்பூது வயலுக்கோ ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே தரவு பிரதேச செயலகத்தின் மேசையிலும் கமநல சேவை நிலையத்தின் சுவரிலும் மாதந்தோறும் ஒரு வரைபடமாக வந்தால்தான், எந்தக் குளத்தை முதலில் தூர்வாருவது, எந்தக் குறிச்சியில் இறைப்பைக் குறைக்கச் சொல்வது என்ற முடிவுகளுக்கு அது உதவும்.

அதற்கு உள்ளூரில் செய்யவேண்டிய வேலை பெரிதன்று. கரவெட்டிப் பகுதியில் பரவலாகத் தெரிந்தெடுத்த சில பத்துக் கிணறுகளில், மாதம் ஒருமுறை, செய்மதி கடக்கும் நாளோடு பொருந்துமாறு, இறைப்புத் தொடங்குமுன் காலையில் நீர்மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் அளந்து, பக்கத்துத் தோட்டத்தில் நிற்கும் பயிரின் பெயரையும் பரப்பையும் நட்ட நாளையும் சேர்த்துக் குறித்துவைத்தால் போதும். நீர்மட்டத்துக்கு நுனியில் பாரம் கட்டிய அளவுநாடாவும், உவர்ப்புக்குக் கையடக்க மானியும், இடத்தைக் குறிக்கக் கைத்தொலைபேசியும் தேவை. பாடசாலைகளில் புவியியல் கற்கும் உயர்தர மாணவர்களும் கமக்காரர் அமைப்புகளும் சேர்ந்து இதைச் செய்யலாம். பதிவேட்டை ஒரே அலுவலகத்தில் பூட்டிவைக்காமல், கேட்பவர் எவருக்கும் கொடுப்பதாக இருக்கவேண்டும். செய்மதித் தரவு பரவலாகப் பயன்படத் தொடங்கியது அது இலவசமாகத் திறந்துவிடப்பட்ட பிறகுதான் என்பது நினைவிருக்கட்டும். வரும் ஐப்பசி மழைக்கு முன் இந்தப் பதிவு தொடங்கினால், ஒரு மாரியும் ஒரு கோடையும் அடங்கிய முதலாவது முழு ஆண்டு நீர்க்கணக்கு அதற்கடுத்த ஐப்பசியில் கரவெட்டியின் கையில் இருக்கும்.